ரத்தம் எட்டாத விரல்

அந்த அச்சகத்தில் மை வாசனையே இருக்காது. பார்வையற்றவர்களுக்கான புத்தகங்கள் அங்கே தயாராயின. துத்தநாகத் தகட்டில் புள்ளிகளைக் குத்தி, தடித்த தாளை அதில் வைத்து அழுத்தினால் பிரெய்ல் எழுத்துகள் தாளில் எழும்பி நிற்கும். மொத்தமாக அடிப்பதற்கு முன்னால் முதல் தாளை ஒருவர் தடவிப் படித்துப் பிழை பார்க்க வேண்டும். அந்த வேலையில் இருந்தவளை எல்லோரும் ரீடரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாற்பதைத் தாண்டியவள். பிறவியிலேயே பார்வை கிடையாது.

அவள் படிப்பதைப் பார்க்க வேறு பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்து நிற்பதுண்டு. வலது கை ஆள்காட்டி விரல் வரியின் மேல் நிற்காமல் ஓடும். இடது கை அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். விரல் படித்ததை வாய் உரக்கச் சொல்லிக்கொண்டே போகும். மேசைக்கு எதிர்ப்புறம் மூலப் பிரதியை வைத்துக்கொண்டு கமா உட்கார்ந்திருப்பான். அவள் சொல்வதும் மூலத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பேசாமல் இருப்பான். வேறாக இருந்தால் நிறுத்துவான்.

கமா அவனுடைய சொந்தப் பெயர் இல்லை. வேகத்தில் அவள் ஒரு கமாவை விழுங்கிவிட்டால் போதும், "கமா, கமா" என்று மேசையைத் தட்டுவான். அதற்காக அந்தப் பெயரை வைத்தவர் ரீடரக்காவின் கணவர்.

"ஏண்டா, வீட்ல பொண்டாட்டி பேசும்போதும் இப்படித்தான் நடுவுல கமா போடுவியா?"

"எங்கண்ணே? அவ ஆரம்பிச்சா ஃபுல்ஸ்டாப்பே கிடையாது."

கணவருக்குப் பார்வை உண்டு. அதே அச்சகத்தில் தகடு திருத்துபவர். அவள் பிழை சொன்ன இடத்தில், தப்பான புள்ளியைச் சின்னச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கிவிட்டு, சரியான புள்ளியைக் குத்துவார். "எல்லா வீட்லயும் பொண்டாட்டி தப்பு கண்டுபிடிப்பா. என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவள் மாதிரி சிரித்தாள்.

ஒரு நாள் காலையில் அலாரம் அடித்து ஓய்ந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுப்புவதற்காக அவள் கையை நீட்டினாள். முதலில் அவருடைய விரல்கள்தான் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று மேலே போனாள். எங்கேயாவது கொஞ்சம் சூடு மிச்சம் இருக்காதா என்று தேடிக்கொண்டே போனாள். பக்கத்து அறையிலிருந்து மகள் ஓடி வந்தபோது, அவள் அவருடைய கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஜில்லுன்னு இருக்காருடி" என்று மட்டும் சொன்னாள்.

தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், அவளைத் தவிர. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காளே என்று யாரோ முணுமுணுத்தது மகள் காதில் விழுந்தது. நாலு பேர் எதிரில் அழ வேண்டாம் என்று அம்மா அடக்கிக்கொண்டிருப்பாள் என மகள் நினைத்தாள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகும் அம்மா அழவில்லை. அப்புறம் கட்டிலை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

மகளுக்கு ஒரு செருப்புக் கடையில் வேலை. காலையில் அம்மாவுக்கு ரொட்டியும் டீயும் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் திரும்பி வந்தால் ரொட்டி விறைத்து, டீ ஆடை கட்டி, வைத்தது வைத்தபடி இருக்கும். தலை வாரிவிட்டால் வாரிக்கொள்வாள். குளிப்பாட்டினால் குளிப்பாள். ஒரு நாள் மகள் ஒரு புத்தகத்தை எடுத்து அம்மாவின் மடியில் வைத்து, விரலைப் பிடித்து வரியின் மேல் வைத்தாள்.

"படிம்மா. உனக்குப் பிடிச்ச கதைதானே."

விரல் வரியின் மேல் ஓடியது. பாதி வழியில் நின்றது.

"புள்ளியெல்லாம் இருக்கு கண்ணு. நல்லாத்தான் தெரியுது. என்ன சொல்லுதுன்னுதான் தெரியல."

மறுநாளே மகள் அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். நடுத்தர வயதுப் பெண் மருத்துவர். அவசரப்படாமல் கேட்டார். துக்கம் வேறு, அதிலிருந்து தொடங்கும் இந்த நோய் வேறு என்று மகளுக்கு விளக்கினார். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார்.

பொறுமைக்குப் பலன் ஒரு சாயங்காலம் கிடைத்தது. மகள் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"டீல சர்க்கரை போட்டியா, இல்ல டப்பாவைத் திறந்து காட்டிட்டு மூடிட்டியா?"

மகள் சமையலறைக்கு ஓடினாள். சர்க்கரை டப்பாவைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

ரீடரக்கா மறுபடியும் வேலைக்குப் போனாள். கணவர் இல்லாத அச்சகத்துக்குள் நுழைவதற்கு முதல் நாள் கால் வரவில்லை. கமா வாசலுக்கே வந்து தன் முழங்கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். மேசையில் உட்கார்ந்து தாளில் விரல் வைத்ததும் புள்ளிகள் எழுத்தாயின, எழுத்துகள் பேசத் தொடங்கின. அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டுப் படித்தாள். "வயிறுன்னு ஒண்ணு எனக்கும் இருக்குக்கா" என்று கமா கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த ஊரில் அரை வருஷம் நீளும் குளிர்காலம் வந்தது. ஒரு காலையில் முகம் கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்க விரலைக் கன்னத்தில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்துக்கு விரல் தெரிந்தது. விரலுக்குக் கன்னம் தெரியவில்லை. கன்னத்துக்குத் தெரிந்ததோ அவளுடைய விரலே இல்லை, அவருடைய விரல். அந்தக் காலையில் அவள் எடுத்து அழுத்திக்கொண்டாளே, அதே ஜில்லிப்பு.

மகள் பார்த்துப் பயந்துபோனாள். "அம்மா, விரலெல்லாம் வெள்ளையா இருக்கு. மெழுகுவத்தி மாதிரி."

"வெள்ளைன்னா எனக்கு என்னடி தெரியும்? மரத்துப்போச்சு, அவ்வளவுதான். குளிர்."

கொஞ்ச நேரத்தில் விரல் குத்தத் தொடங்கி, எரிந்து, பிறகு உயிர் வந்தது. அன்றிலிருந்து அது அடிக்கடி வந்தது. தண்ணீர்க் குழாயைத் தொட்டால் வந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வந்தது. அச்சகத்தின் உயரமான கூரைக்குக் கீழே, குளிர்ந்த தாளின் மேல் விரலை வைத்தால் வராமல் இருந்ததில்லை. முதலில் ஒரு பக்கத்துக்குள் சரியானது. பிறகு காலை முழுவதும் நீடித்தது. விரலுக்கும் தாளுக்கும் நடுவே யாரோ துணியை விரித்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடியும் அந்தக் கட்டிலுக்குப் போய்விடக் கூடாது என்ற ஒரே பயம்தான். வேலை ஒன்றுதான் அவளைக் கட்டிலிலிருந்து இழுத்து வெளியே வைத்திருந்தது.

கமாவுக்குத் தெரிந்தது. எதிரிலேயே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே வரியில் விரல் முன்னும் பின்னும் போவதைப் பார்த்தான். வாய் தடுமாறுவதைப் பார்த்தான். ஒரு தடவை அவள் வெகுநேரம் ஒரே இடத்தில் நின்றபோது, மூலத்தில் இருந்த வார்த்தையைத் தனக்குள் சொல்வது மாதிரி முணுமுணுத்தான். அவள் அதையே உரக்கச் சொல்லிவிட்டு மேலே போனாள். அதற்கு அடுத்த நாள் ஒரு வரி. பிறகு ஒரு பத்தி. கொஞ்ச நாளில் அவன் மெல்ல முன்னால் சொல்லிப்போக, அவள் பின்னால் சொல்லிப்போனாள். அவன் செய்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. அக்காவுக்கு ஒத்தாசை என்று அவன் நினைத்தான். குளிர் போனால் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தாள். தாளில் இருப்பதை யாருமே படிக்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பார்வையற்ற குழந்தைகளின் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை மேனேஜருக்கு போன் செய்தார். புதிதாக வந்த கணக்குப் புத்தகத்தின் விடைப் பகுதியில் பல எண்கள் தப்பு. தகட்டில் ஒரு புள்ளி சரியாக விழாததால் இரண்டு ஒன்றாகியிருந்தது. இன்னோர் இடத்தில் புள்ளி இடம் மாறி, ஆறு நாலாகியிருந்தது. ஒரு பெண் குழந்தை கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, விடை பொருந்தவில்லை என்று அழித்து அழித்துப் போட்டு அழுததாம். எனக்குக் கணக்கே வராது டீச்சர் என்று சொன்னதாம்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நீங்க பார்த்த புத்தகம்தானேம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரீடரக்கா கமாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சொன்ன?"

"என்னக்கா?"

"முன்னாடி முன்னாடி எடுத்துக் குடுத்தியே, ஏன் சொன்ன? நான் கேட்டேனா?"

"நீங்க கஷ்டப்படுறதைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருந்திருக்கணும். நான் தடுமாறி நின்னிருப்பேன். அக்காவால முடியலன்னு அன்னைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். ஒரு குழந்தை தனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சு அழுதிருக்காது."

கமா மூலப் பிரதியை மூடிவைத்தான். பிறகு அவளே அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "உன்னைத் திட்டி என்ன பண்றது. வாயைத் திறந்து திருப்பிச் சொன்னது நான்தானே" என்றாள். அவளுடைய விரல்கள் பட்டதும் அவன் சட்டென்று தன் இரண்டு கைகளாலும் அவற்றை மூடிக்கொண்டான். அவ்வளவு குளிர்ச்சி.

அன்றைக்கே அவள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கூட்டிப்போனபோது மனநல மருத்துவர் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று கடிந்துகொண்டார். அதே மருத்துவமனையில் ரத்த ஓட்டத்தைச் சோதிக்கும் அறைக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே இருந்த டெக்னீஷியன் பேச்சுக்காரர். பேனா மாதிரி ஒரு கருவியை விரலின் ஓரத்தில் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது சத்தமாகக் கேட்கும் என்றார். முதலில் மகளின் விரலில் வைத்துக் காட்டினார். உஷ், உஷ், உஷ் என்று, யாரோ மாடிப்படியைப் பெருக்குவது மாதிரி சத்தம் வந்தது.

"இப்ப யாராவது பின்னாடி வந்து பயமுறுத்தினா எப்படி இழுப்பீங்க, அப்படி ஒரு மூச்சு இழுங்க."

மகள் இழுத்தாள். சத்தம் சட்டென்று தேய்ந்தது. நாலைந்து தடவை மூச்சு விடுவதற்குள் பழையபடி பெருக்கத் தொடங்கியது.

"பார்த்தீங்களா? திடுக்குன்னு மூச்சு இழுத்தா விரல்ல இருக்கிற சின்னக் குழாயெல்லாம் இறுகும். அப்புறம் தானா விட்டுடும். எல்லாருக்கும் இப்படித்தான். இப்ப நீங்கம்மா."

ரீடரக்காவின் விரலில் சத்தம் தொடக்கத்திலேயே மெலிதாகத்தான் இருந்தது. அவள் மூச்சை இழுத்ததும் அதுவும் நின்றது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப்போனது கேட்டது. விரலிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

"மெஷின் நின்னுபோச்சா தம்பி?" என்று கேட்டாள்.

பேச்சுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில் எங்கேயோ பெருக்குவது மாதிரி லேசாக அது திரும்பி வந்தது.

சோதனை முடிவைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவர் விளக்கினார். "மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல சில ரசாயனங்கள் இருக்கும்மா. உங்களுக்கு அதுல குறை. அது சீக்கிரம் காலியாகாம இந்த மாத்திரை பிடிச்சு வைக்குது. அதனாலதான் மனசு எழுந்துச்சு. ஆனா அதே ரசாயனம் ரத்தக் குழாய்ச் சுவர்லயும் வேலை செய்யும். அங்க அதோட வேலை குழாயை இறுக்குறது. எல்லாருக்கும் இப்படி ஆகாது. நிறைய பேருக்கு ஒண்ணுமே தெரியாது. உங்களுக்கு விரல்ல காட்டுது. இறுகினது விட மாட்டேங்குது."

"மனசுக்கு ஒரு மருந்து, விரலுக்கு ஒரு மருந்துன்னு தனித்தனியா அனுப்ப முடியாதாம்மா?"

"வாய் வழியா போனா உடம்பு முழுக்கத்தானேம்மா போகும்" என்றார் மருத்துவர். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "மாத்திப் பார்ப்போம். பழைய காலத்து மருந்து ஒண்ணு இருக்கு. அது குழாயை இறுக்காது, தளர்த்திவிடும். ஆனா நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

மாத்திரை மாறியது. விரல்களுக்கு உயிர் வந்தது. குளிர் போகவில்லை, ஆனாலும் விரல் நுனிகள் கதகதவென்று இருந்தன. பிழையான பக்கங்களை எல்லாம் அவள் மறுபடியும் படித்துத் திருத்திக் கொடுத்தாள். திருத்திய தாள்கள் பள்ளிக்குப் போயின. பழைய வேகம் வந்துவிட்டது. கமா அவ்வப்போது மேசையைத் தட்டினான். கணவர் போன பிறகு வந்த நாட்களில் அந்தச் சில வாரங்கள்தான் நல்ல நாட்கள்.

ஆனால் உட்கார்ந்திருந்து எழுந்தால் தலை சுற்றியது. ஒரு நாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"கண்ணை இருட்டிக்கிட்டு வருதுடா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. கமா சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள்.

சிரித்த அதே வாரத்தில் குளியலறையில் விழுந்தாள். ஸ்டூலிலிருந்து எழுந்தவள் நேராகச் சுவரில் போய் மோதினாள். நெற்றியில் தையல் போட்டார்கள். தளர்ந்த குழாய்கள் எழுந்து நிற்கும்போது இறுக வேண்டும், அவளுக்கு அவை இறுகவில்லை, ரத்தம் காலிலேயே தங்கித் தலைக்கு ஏறவில்லை என்றார் மருத்துவர். அளவைக் குறைத்துப் பார்த்தார். குறைத்ததும் மயக்கம் குறைந்தது. அதோடு மனசும் இறங்கியது. மகள் வைத்துவிட்டுப் போன ரொட்டி மறுபடியும் விறைக்கத் தொடங்கியது. வேறு ஒன்றையும் கொடுத்துப் பார்த்தார், அது பலன் தரவே இல்லை. கடைசியில் முதல் மாத்திரைக்கே திரும்ப வேண்டியிருந்தது. கூடவே குழாயை விரிக்க ஒரு சின்ன மாத்திரை. ஏற்கெனவே மயங்கி விழுந்தவள் என்பதால் அதைக் கூட்டவும் பயந்தார். கையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், கையுறையைக் கழற்றாதீர்கள் என்றார்.

"கையுறை போட்டுக்கிட்டு நான் எப்படிம்மா படிக்கிறது?"

மருத்துவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.

குளிர்காலம் முடியப்போகிற சமயம், மழையும் சேர்ந்துகொண்டது. ஒரு காலையில் அவள் கமாவுக்கு முன்னதாகவே அச்சகத்துக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு ஓர் அறிவியல் புத்தகம் தொடங்க வேண்டும். இந்தத் தடவை யாரும் எடுத்துக்கொடுக்காமல் படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விரல்கள் மரத்திருந்தன. டீ போடும் சின்ன அறைக்குப் போய், கெட்டிலில் தண்ணீர் வைத்து சுவிட்சைப் போட்டாள். அதன் ஸ்டீல் வயிற்றில் வலது கை விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள்.

கமா வந்தபோது கெட்டில் கொதித்து முடிந்திருந்தது. அறை வாசலில் ஏதோ தீய்ந்த வாடை. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்து அவன்தான் என்று தெரிந்து சிரித்தாள்.

"வாடா. இப்பதான் லேசா சூடு ஏறுற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் உட்காரலாம்."

"அக்கா, கையை எடுங்க!"

"ஏன்?"

அவன் பாய்ந்து அவள் கையை இழுத்தான். ஆள்காட்டி விரலின் நுனித் தோல் கெட்டிலோடு போய்விட்டது. அவளுக்கு அப்போதும் வலிக்கவில்லை. "என்னடா ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் அவள் கையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டு, சொல்ல முடியாமல் அழுதான். ரத்தம் மெல்ல விரலுக்குத் திரும்பிய பிறகுதான் வலி வந்தது. அப்போது அவள் போட்ட சத்தத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள்.

புண் ஆறுவதற்குக் காலம் பிடித்தது. ஆற வேண்டிய இடத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே. கட்டுப் பிரிப்பதற்குள் மரங்கள் துளிர்த்துவிட்டன. வெயில் வந்து, மற்ற விரல்கள் எல்லாம் தம் பாட்டுக்குச் சூடாகிவிட்டன. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று, வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஒரு புத்தகம் கேட்டாள். முதல் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தாள். நுனியில் புதுத் தோல் தடித்து, வழவழவென்று இருந்தது. ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். தாள் இருப்பது தெரிந்தது. அதன் மேல் ஏதோ சொரசொரப்பு இருப்பது தெரிந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. முதலில் விரலைச் சொல்லி அழுதாள். நடுவில் எப்போதோ அது கணவரைச் சொல்லி அழுவதாக மாறியது. "சொல்லாமப் போயிட்டீங்களே, பக்கத்துல படுத்துக்கிட்டே இருந்தேனே" என்று அழுதாள். அவர் போன அன்று அழ வேண்டிய அழுகை அது.

மகள் பயந்துபோய் போனை எடுத்தாள். "டாக்டரம்மாவைக் கூப்பிடவாம்மா?"

"வேணாம் கண்ணு. இது அந்த வியாதி இல்ல. விடு, அழுதுக்கிறேன்."

மகள் போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்து அம்மாவும் மகளும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அச்சகத்தில் ரீடர் வேலைக்கு வேறொரு பெண் வந்தாள். நன்றாகவே படிப்பாள் என்று கமா சொன்னான். நிறுத்தி நிதானமாகப் படிக்கிறாள், ஒரு கமாவைக்கூட விடுவதில்லை, எனக்கு வேலையே இல்லாமல் போச்சு என்று குறைபட்டுக்கொண்டான். ரீடரக்காவுக்கு மேனேஜர் தொலைபேசி மேசையைக் கொடுத்தார். எந்தப் பள்ளிக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு உள்ளே சொல்ல வேண்டும். ரீடர் அறையைத் தாண்டித்தான் அந்த மேசைக்குப் போக முடியும். கதவு எப்போதும் திறந்திருக்கும். முதல் சில நாட்கள் அந்த இடம் வந்ததும் வேகமாக நடந்தாள். பிறகு பழகிப்போனது. எல்லோரும் அவளை இன்னமும் ரீடரக்கா என்றே கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

மாத்திரையை அவள் விடவில்லை. ஒரு தடவை மகள் கேட்டாள்.

"அந்த மாத்திரையாலதானேம்மா எல்லாம். அது மேல கோவமே வரலியா உனக்கு?"

"வராம? தினமும் கையில எடுக்கும்போது வருது." தண்ணீர் டம்ளருக்காகக் கையை நீட்டினாள். "விரல் நல்லா இருந்தப்ப, ஒரு காலத்துல உன் குரலே எனக்கு எங்கேயோ தூரத்துல கேட்டுது. நீ தலை வாரிவிட்டது தெரியும், யாருக்கோ வாரிவிடுற மாதிரி இருக்கும். அங்க திரும்பிப் போக என்னால முடியாதுடி."

விழுங்கிவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

கோடையில் ஒரு விடுமுறை நாள். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேசை மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலிலேயே நாற்காலியைப் போட்டு, புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் இருந்தது. இடது கையின் ஆள்காட்டி விரல் முதல் வரியின் மேல் இருந்தது. ஆயுள் முழுக்க வரியின் தொடக்கத்தைப் பிடித்துக் கொடுத்த விரல்தான், படித்துப் பழக்கமில்லை. ஓர் எழுத்தைத் தொட்டு, மேலும் கீழும் தடவி, உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனது. அங்கே சந்தேகம் வந்து மறுபடியும் பின்னால் வந்தது. முதல் முதலாகப் பள்ளிக்குப் போன குழந்தை மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் துணி மடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தாள். விரல் அதே வரியில்தான் இருந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"இரு" என்றாள் அம்மா. "இன்னும் வரி முடியல."